பட்டாளத்தில் டாக்ஸிக் மேலதிகாரி: கண்டுபிடிப்பது எப்படி, மாட்டிக்கொண்டால் கரையேறுவது எப்படி

ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்க் கரையில், பட்டாளத்தில் சேர விடிவதற்கு முன்னால் ஓடிப் பழகுகிற பையன்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஓட்டம், எழுத்துத் தேர்வு, மெடிக்கலில் பல்லைப் பார்ப்பார்களா, இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா, இவ்வளவுதான். போன வாரம் ஒருவன், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, மேல இருக்குற ஆளு டாக்ஸிக்கா இருந்தா என்ன பண்றது?" என்றான். டாக்ஸிக் என்றால் விஷம், நான் சேர்ந்த காலத்தில் அந்த வார்த்தை கிடையாது, ஆள் மட்டும் இருந்தார். இருபத்து நாலு வருடம் கழித்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். நல்ல ஆபீசர்களிடம் இருந்திருக்கிறேன், பெயரை நினைத்தாலே இன்றைக்கும் வயிறு கலங்குகிற ஒருவரிடமும் ஒன்றே முக்கால் வருடம் இருந்திருக்கிறேன். எந்த ரெஜிமெண்ட், எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, அதனால் யாருக்கும் லாபம் இல்லை. பையனுக்கு டீக்கடையில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கண்டிப்பைப் பார்த்து விஷம் என்று நினைக்காதே

டிரெய்னிங்கில் முதல் மாதம் பயிற்சி கொடுக்கிற எல்லா உஸ்தாதும் உனக்கு ராட்சசனாகத்தான் தெரிவார். ரகடா என்கிற தண்டனைப் பயிற்சி கொடுப்பார், முதுகில் பிட்டூ மூட்டை மாட்டி மைதானத்தைச் சுற்ற விடுவார், ஷேவிங் சரியில்லை என்று முழங்கையால் ஊர விடுவார். இதற்கெல்லாம் டாக்ஸிக் என்று வீட்டுக்கு போன் போட்டு அழுதால் அம்மாவுக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறும். என் உஸ்தாத் ஒருவர் வாயைத் திறந்தால் காக்கா கூட மைதானத்தில் உட்காராது. ஆனால் நீண்ட நடை முடிந்த ராத்திரி, நாங்கள் செத்த பிணம் மாதிரி கிடக்கும்போது, டார்ச் லைட்டோடு கட்டில் கட்டிலாக வந்து ஒவ்வொருவன் காலையும் தூக்கிப் பார்ப்பார், கொப்புளத்துக்கு மருந்து போடாதவனுக்கு அதற்கும் ஒரு திட்டு விழும். அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் எழுந்து நிற்பேன்.

நம்ம ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். மண்டாடி, அதாவது வலைக்கும் படகுக்கும் தலைவர், கத்துகிற கத்தலில் ஒரு வார்த்தையைக் கூட இங்கே எழுத முடியாது. ஆனால் வலையில் பாரம் ஏறி ஒருவன் கை வழுக்கினால் முதலில் கயிற்றுக்கு ஓடி வருவதும் அவர்தான், பங்கு பிரிக்கும்போது கத்தினதுக்காக யாருடைய பங்கும் குறையாது. அதனால் சத்தத்தை அளந்து முடிவு கட்டாதே. அந்தக் கண்டிப்பு யாருக்காக, வேலைக்காகவா, உன் உயிருக்காகவா, இல்லை அந்த ஆளின் பெயருக்காகவா என்று பார்.

இது என் சொந்தச் சரக்கு என்று நினைக்காதே. அமெரிக்கத் தரைப்படைக் கர்னல் ஒருவர் 2004இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அதில் அவர் சொல்வது மூன்று விஷயம்: கீழே இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்ற அக்கறையே இல்லாமல் இருப்பது, ஆள் பழகுகிற விதமே அந்த இடத்தின் காற்றைக் கெடுப்பது, 'இவர் எல்லாவற்றையும் தனக்காகத்தான் செய்கிறார்' என்று கீழே இருப்பவர்கள் நம்ப ஆரம்பித்துவிடுவது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர், என்றைக்கோ ஒரு நாள் கோபத்தில் கத்தினதுக்கு இல்லை. 2012இல் அமெரிக்கப் படை தன்னுடைய தலைமைக் கையேட்டிலேயே டாக்ஸிக் என்ற சொல்லைப் போட்டு விளக்கம் கொடுத்தது. 2019இல் அதை எடுத்துவிட்டு, எதிர்விளைவு தரும் தலைமை என்கிற மாதிரி ஒரு சவசவ வார்த்தையைப் போட்டுவிட்டார்கள். எனக்குப் பழைய சொல்தான் பிடித்திருக்கிறது, விஷத்தை விஷம் என்று சொன்னால் என்ன.

கடல்காரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 1797இல் ஹெர்மையனி என்று ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல், கேப்டன் ஹியூ பிகட். பாய்மரத்தில் வேலை செய்கிறவர்களில் கடைசியாக இறங்குகிறவனுக்குச் சவுக்கடி என்று உத்தரவு போட்டார். அவசரத்தில் மூன்று பையன்கள் மேலிருந்து விழுந்து செத்தார்கள், உடல்களைக் கடலில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் ராத்திரி கப்பலில் இருந்தவர்கள் அவரையும் இன்னும் ஒன்பது அதிகாரிகளையும் கொன்றுவிட்டுக் கப்பலைக் கொண்டுபோய் ஸ்பெயின்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். கலகத்தை நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'கடைசி ஆளுக்கு அடி' என்பதை ஒருவர் தினசரிப் பழக்கமாக வைத்திருந்தால் கவனி. எத்தனை பேர் ஓடினாலும் எவனோ ஒருவன் கடைசியாகத்தான் வருவான், அதனால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது, பயம் மட்டும்தான் மிச்சம்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது

நான் நம்புகிற முதல் அடையாளம் கெட்ட சேதி மேலே போகிறதா என்பது. என் கதையையே சொல்கிறேன். அந்த ஒன்றே முக்கால் வருடக் காலத்தில் ஒரு சிக்னல்காரப் பையன் வயர்லெஸ் பேட்டரி சரியாக சார்ஜ் நிற்கவில்லை என்று எல்லாரும் வரிசையில் நிற்கிற ஃபால்-இன்னில் வாயைத் திறந்துவிட்டான். அன்றைக்கு மேலே இருந்து பெரியவர் யாரோ வருவதாக இருந்தது. எங்கள் ஆபீசருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது, பையனை எல்லார் முன்னாலும் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டி, பேட்டரிப் பெட்டியைத் தலையில் வைத்து ஓட விட்டார். அதற்கப்புறம் நாலு மாதம் எங்கள் கம்பெனியில் எந்தப் பேட்டரியும் கெட்டுப்போகவில்லை, ஜீப் பிரேக் தேயவில்லை, பூட்ஸ் கிழியவில்லை, எல்லாம் 'டீக் ஹை சாப்', அதாவது 'எல்லாம் சரி ஐயா'. பிறகு ஒரு பனிக்கால ராத்திரி பதினோரு பேர் ரோந்து போனோம், பாதி வழியில் செட் செத்துவிட்டது, மாற்றுப் பேட்டரியும் செத்தது, அது சாகும் என்று எங்களில் நாலு பேருக்குக் கிளம்பும்போதே தெரியும். பனியில் தடம் தெரியாமல் விடிகிற வரைக்கும் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வந்தோம். வந்ததும் நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா, 'டீக் ஹை சாப்'. நானும்தான் சொன்னேன். விஷம் அந்த ஆளோடு நிற்காது, உன் நாக்குக்கும் இறங்கும்.

வல்லத்தில் புதிதாக ஏறின பையன் 'காத்து மாறுது' என்று சொன்னால் மண்டாடி ஒரு நிமிடம் மேலே பார்ப்பார், அவன் சொன்னது தப்பாக இருந்தாலும் பார்ப்பார். அந்த ஒரு நிமிடம் உன் கம்பெனியில் இருக்கிறதா என்று பார்.

அப்புறம் லீவு. நிரந்தர ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல், அக்னிவீருக்கு ஆண்டு விடுப்பு 30 நாள்தான். யூனிட் வேலை இருந்தால் தள்ளிப்போகும், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் லீவை மிட்டாய் மாதிரி கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டு வேலை செய்தவனுக்கு முதலில், வாயாடினவனுக்குக் கடைசியில் என்று கொடுக்கிறவரைக் குறித்து வைத்துக்கொள். என் அப்பா ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் லீவுத் தாள் அந்த ஆபீசருடைய மேசை டிராயரில் பத்தொன்பது நாள் தூங்கியது, இன்ஸ்பெக்ஷன் வருகிறது, கல்லுக்கெல்லாம் கேரு சூனா அடிக்க ஆள் வேண்டும் என்று காரணம். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். பட்டாளத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும் இந்தக் கேரு சூனாவை, பாதையோரக் கல்லுக்குக் காவியும் வெள்ளையும் அடிப்பது. அதுவே தப்பு என்று சொல்லவில்லை, சுத்தம் வேண்டியதுதான். ஆயுதப் பயிற்சிக்கு ஒதுக்கின நேரம் முழுக்க அதில் போகிறது என்றால், அந்த இடத்தில் எல்லாமே மேலே இருந்து பார்க்கிறவருக்காக நடக்கிறது என்று அர்த்தம்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தப்பு நடந்தால் கீழே ஒருவன் பெயர், நல்லது நடந்தால் தன் பெயர். நாலு செல்லப்பிள்ளைகள், அவர்கள் வழியாகத்தான் எல்லா சேதியும். சாதி, மொழி, ஊரை வைத்துக் கிண்டல், 'மதராசி' என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வது. நேரத்துக்கு நேரம் மாறுகிற உத்தரவு, காலையில் சொன்னதை மாலையில் 'நான் சொல்லவே இல்லை' என்பது. இதில் ஒன்று இருந்தால் சாதாரண மனிதன். மூன்று நாலு சேர்ந்து மாதக்கணக்கில் ஓடினால் யோசிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் எப்படி மேலே போகிறார் என்று கேட்பாய். ஆபீசரின் வேலையை மதிப்பிடுகிற ரகசிய அறிக்கையை எழுதுவது அவருக்கு மேலே இருப்பவர்கள். மேலே இருந்து பார்த்தால் அவர் சுறுசுறுப்பு, எந்த வேலையும் முடித்துக் கொடுப்பவர், குறையே வராத கம்பெனி. குறை ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். அமெரிக்கர்கள் இதற்குத்தான் 2020இல் பட்டாலியன் கமாண்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், கூட வேலை செய்தவர்களும் கீழே இருந்தவர்களும் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தார்கள், மனநல நிபுணரையும் உட்கார வைத்தார்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது

சட்டப்படியான உத்தரவைச் செய்துவிடு. பிடிக்காத உத்தரவு, அசிங்கமாகச் சொன்ன உத்தரவு, வீண் உத்தரவு, எல்லாம் சட்டப்படியான உத்தரவாக இருக்கலாம், மறுத்தால் ராணுவச் சட்டம் 41ஆம் பிரிவில் நீதான் குற்றவாளி, அவர் சிரித்துக்கொண்டு போவார். செய்துவிட்டு அப்புறம் புகார் கொடு. ஆனால் ரேஷன் கணக்கில் பொய்க் கையெழுத்துப் போடு, வராதவனை வந்ததாக எழுது என்பது வேறு ரகம். அங்கே மரியாதையாக, நாலு பேர் காதில் விழும்படி, 'சாப், ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்' என்று கேள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுவார்கள்.

கை ஓங்காதே, அவர் அடித்தாலும். ஓடியும் வராதே. ஊருக்கு வந்து ஒளிந்துகொண்டு, கடலுக்குப் போய் பிழைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஒருவனை நானே திருப்பி ரயில் ஏற்றியிருக்கிறேன். விடுப்பில்லாமல் 30 நாள் தாண்டினால் கோர்ட் ஆஃப் என்குயரி வைத்து ஆப்சென்ட் என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆள் உன்னைப் படுத்தினது யார் கண்ணுக்கும் தெரியாது, நீ ஓடினது மட்டும் காகிதத்தில் நிற்கும். சர்வீஸ் ரெக்கார்டில் சிவப்பு மையில் தண்டனைப் பதிவு ஏறுவதும் இப்படித்தான், அந்தப் பதிவு நாலு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே வந்துவிடும். அக்னிவீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், நாலு வருடம் முடிந்து நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான், உன் மதிப்பெண் அந்த மேலதிகாரிகள் கையிலும் இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டு வாங்கு. தேதி, நேரம், இடம், என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள், இவ்வளவுதான். 'கேவலமாக நடத்தினார்' என்று எழுதாதே, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. டியூட்டி விவரம், எத்தனை ஆள், எங்கே போனோம் என்று ஒரு வரி கூட அதில் வரக் கூடாது, போனிலும் வேண்டாம். ரெக்கார்டிங், வீடியோ பக்கம் போகவே போகாதே. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் கருகின ரொட்டியையும் தண்ணிப் பருப்பையும் வீடியோ எடுத்துப் போட்டார், நாடே பார்த்தது, அதே வருடம் ஏப்ரலில் அவருக்கு வேலை போய்விட்டது. அது ராணுவம் இல்லை, உள்துறைக்குக் கீழே வருகிற படை, ஆனால் பாடம் நமக்கும் ஒன்றுதான்.

ஆயுதம் கையில் இருக்கும்போது ரத்தம் கொதித்தால், அல்லது செத்துப்போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தால், அந்த நிமிடமே ஆயுதத்தைக் கோத் என்கிற ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டு, டாக்டர் பார்க்கிற எம்ஐ ரூமுக்குப் போய் 'தூக்கம் வரவில்லை, தலை சரியில்லை' என்று சொல். அது கோழைத்தனம் என்று எவன் சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். படையில் இருப்பவர்களுக்கென்றே 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள்.

புகார் கொடுக்கும் வழி

முதல் படி பேச்சு. உன் ஜேசிஓ (ஜவானுக்கும் ஆபீசருக்கும் நடுவில் இருக்கிற இளநிலை அதிகாரி), அவர் சரியில்லை என்றால் ஜேசிஓக்களில் மூத்தவரான சுபேதார் மேஜர். பல யூனிட்டில் சிஓ, அதாவது கமாண்டிங் ஆபீசர் காதுக்கு நேராகப் போகிற ஒரே நாக்கு சுபேதார் மேஜருடையதுதான், நல்லவராக இருந்தால் காகிதமே இல்லாமல் பாதிச் சிக்கல் தீரும். கமாண்டரிடம் இண்டர்வியூ கேட்க உனக்கு வழி இருக்கிறது. மாதாமாதம் எல்லாரையும் கூட்டி நடக்கிற சைனிக் சம்மேளனத்தில் எழுந்து பேசலாம் என்பார்கள், பொதுவான குறைக்கு அது சரி, ஒரு ஆளைப் பற்றிய புகாரை அங்கே அவிழ்க்காதே.

அதில் ஆகவில்லை என்றால் எழுத்து. 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு உனக்காகவே இருக்கிறது, மேலதிகாரி தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று நினைக்கிற ஜவான் தன் கமாண்டிங் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், புகாரே அந்த அதிகாரி மேல் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் கொடுக்கலாம். வாங்கினவர் விசாரிக்கவேண்டும், அது அவர் இஷ்டம் இல்லை. கீழே இருப்பவனை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் 47ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை போகிற குற்றம். அதே கையில் 56ஆம் பிரிவையும் படி, தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் ஐந்து வருடம் வரை உனக்கு. அதனால்தான் நோட்டில் இருப்பதற்கு மேல் ஒரு எழுத்து கூட்டாதே என்கிறேன். கடற்படைக்கு 1957ஆம் வருடச் சட்டம், விமானப்படைக்குத் தனிச் சட்டம், அங்கேயும் இதே மாதிரி வழி உண்டு.

தனியாகக் கையெழுத்துப் போடு. பத்துப் பேர் சேர்ந்து ஒரே காகிதத்தில் போட்டால் பலம் என்று தோன்றும், மீன்பிடிச் சங்கத்தில் அது பலம்தான், பட்டாளத்தில் கூட்டு மனுவுக்கே அனுமதி கிடையாது, பெயர் கலகம் என்று மாறிவிடும். பத்துப் பேருக்கும் குறை இருந்தால் பத்துத் தனிக் காகிதம். மொட்டைக் கடிதம் எழுதாதே, எம்எல்ஏ சிபாரிசும் வேண்டாம்.

புகாரைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம நாட்டுக் கதையே இருக்கிறது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையின் தல்வார் சிக்னல் பள்ளியில் கமாண்டர் கிங் என்பவர் மாலுமிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று பையன்கள் முறையாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் புகார் கிங்கிடமே போனது, அவர் பொய்ப் புகாருக்குத் தண்டனை தெரியுமா என்று மிரட்டினார். சாப்பாடும் மோசம். 18ஆம் தேதி காலையில் சாப்பிட மாட்டோம், வேலை செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள், சில நாளில் கராச்சி, கல்கத்தா, மதராஸ் என்று பரவியது. சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பக்கமாக நாம் படிக்கிறோம், அது உண்மைதான். தொடக்கத்தில் இருந்தது ஒரு காகிதம், அது போகக் கூடாத மேசைக்குப் போனது.

பதில் வரவில்லை, அநியாயமான பதில் வந்தது என்றால் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது, 2007ஆம் வருடச் சட்டம், சென்னையில் அமர்வு உண்டு. உள்ளே இருக்கிற வழியையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அங்கே போகவேண்டும், மனு கொடுத்து ஆறு மாதம் பதிலே இல்லை என்றாலும் போகலாம். ஆனால் லீவு, டிரான்ஸ்ஃபர், போஸ்டிங் விஷயத்தை அந்தத் தீர்ப்பாயம் எடுக்காது, சட்டத்திலேயே விலக்கு. என் பத்தொன்பது நாளுக்கு அங்கே கதவு இல்லை. இங்கே நிறையப் பிள்ளைகள் கோஸ்ட் கார்டுக்கும் (கடலோரக் காவல் படை) போகிறீர்கள், மண்டபத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறதால் ஆசை வருகிறது. கோஸ்ட் கார்டு அந்தத் தீர்ப்பாயத்தில் வராது, உயர் நீதிமன்றம்தான்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

பையன் போனில் 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லி வைத்தால் நம்பாதீர்கள், என்ன சாப்பிட்டாய், யாரோடு டியூட்டி, ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள். நான் அந்த ஒன்றே முக்கால் வருடமும் ஊரில் காற்று எப்படி, கடலில் மீன் படுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், என் அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அப்புறம், வீட்டுச் சண்டை, நிலத்தகராறு எல்லாவற்றையும் அவன் தலையில் கொட்டாதீர்கள். நிலத்தை யாராவது ஆக்கிரமித்தால் அவன் சிஓ வழியாகக் கலெக்டருக்குக் கடிதம் வரவழைக்க முடியும், ராமநாதபுரத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட அன்றைக்கே எழுதிக் கொடுக்கிற சிஓ கிடைத்தால், தம்பி, உனக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார்.

நீ நாயக் ஆகும் நாள்

நாயக் என்றால் ஹவில்தாருக்குக் கீழ்ப் பதவி. எனக்குக் கீழே முதலில் எட்டுப் பேர் வந்தபோது, மூன்றாவது மாதமே நான் அந்த ஆளுடைய குரலில் கத்திக்கொண்டிருந்தேன், அதே வார்த்தை, அதே கையாட்டல். சேலத்துப் பையன் ஒருவன் சொன்ன 'டீக் ஹை சாப்'பைக் கேட்டுத்தான் எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது நான் சொன்ன அதே 'டீக் ஹை'. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நான் பாரக்குக்குள் நுழையும்போது பேச்சு நிற்கிறதா என்று பார்ப்பேன், நின்றால் அன்றைக்கு எதற்கும் கத்துவதில்லை. யாராவது கெட்ட சேதி கொண்டுவந்தால் முதல் வார்த்தை 'சரி, உட்கார்', மற்றதெல்லாம் அப்புறம். லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், கடைசி ஆளாக நிற்பேன். கடைசியில் பருப்பு தீர்ந்துவிட்டால், எத்தனை பேருக்கு என்று சமைத்தாய் என்று சமையல்காரனிடம் கேட்பேன், பாதி நாள் அவன் கணக்கில் ஒரு ஆள் குறைவாகத்தான் இருப்பான்.